பழைய ஆக்சஸ் கணக்கை எடைக்குப் போட்டுவிடாதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் கும்பகோணத்தில் சிறு கடைகளுக்கும் பட்டறைகளுக்கும் கணினிக் கணக்கைப் பராமரித்துக் கொடுப்பவள். பாத்திரக்கடை, அரிசி மண்டி, திருமண மண்டபம் என்று என்னிடம் வருகிறவர்களில் பலர் இருபது வருடத்துக்கும் மேலாக ஒரே மென்பொருளில் பில் போடுகிறவர்கள். உங்கள் வணிகப் பக்கத்தை நான் விடாமல் படிக்கிறேன். செயற்கை நுண்ணறிவு பற்றியும் செல்போன் பணப் பரிமாற்றம் பற்றியும் நிறைய வருகிறது. எங்கள் கடைத்தெருவில் இப்போது நடக்கிற ஒரு இழப்பைப் பற்றி மட்டும் எங்கும் ஒரு வரி காணோம். அதனால்தான் இந்தக் கடிதம்.

விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் தந்துவந்த ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்தது. பழைய கணினிகள் பலவற்றில் விண்டோஸ் 11 ஏறாது. சரி, புது மெஷின் வாங்கிவிடலாம் என்று முதலாளிகள் வாங்கிவிடுகிறார்கள். அதில் பழைய ஆக்சஸ் கோப்பை, அதாவது மைக்ரோசாஃப்டின் டேட்டாபேஸ் மென்பொருளில் எழுதிய கணக்குக் கோப்பை, போட்டுத் திறந்தால் திறப்பதில்லை. அந்த நேரம் பார்த்து யாராவது வந்து, "இதெல்லாம் காலாவதி சார், எங்க சாஃப்ட்வேருக்கு மாறிடுங்க. பழைய கணக்கெல்லாம் இதுல வராது. ஏப்ரல் ஒண்ணாம் தேதி இருப்பைப் போட்டுப் புதுசா ஆரம்பிச்சுக்கலாம்" என்கிறார்கள். முதலாளியும் தலையாட்டிவிடுகிறார். யாருக்கு எவ்வளவு கடன், எந்தக் குடும்பம் எந்தக் கல்யாணத்துக்கு என்ன சீர் வாங்கியது, எந்தப் பட்டறையின் எடை எப்போதும் குறையும் என்ற விவரமெல்லாம் பழைய மெஷினோடு எடைக்குப் போகிறது.

பழைய கணக்கு வராது என்பது பெரும்பாலான கடைகளில் உண்மையல்ல. கொஞ்சம் பொறுமையாக உட்கார்ந்தால் வரும். பல இடங்களில் மென்பொருளையே மாற்ற வேண்டியதில்லை.

ஆக்சஸை ஒரு கடையும் அதன் பின்னால் இருக்கிற கிடங்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பில் போடும் ஃபார்ம், அச்செடுக்கும் ரிப்போர்ட், அதற்குள் எழுதப்பட்ட நிரல் எல்லாம் கடை. கணக்கு வரி வரியாகப் பதிவாகியிருக்கும் டேபிள்கள் கிடங்கு. கடையை இருந்த இடத்திலேயே விட்டுவிட்டுக் கிடங்கை மட்டும் ஒரு டேட்டாபேஸ் சர்வருக்கு, அதாவது கணக்கைத் தானே காத்து மற்ற கணினிகளுக்கு எடுத்துக் கொடுக்கும் மென்பொருளுக்கு, மாற்றலாம். இரண்டுக்கும் நடுவே சரக்கு ஏற்றி இறக்கும் வழிக்கு ஓடிபிசி என்று பெயர். ஆக்சஸின் முதல் பதிப்பும் ஓடிபிசியும் 1992இல் வந்தவை. ஆகவே இது நான் கண்டுபிடித்த குறுக்கு வழி ஒன்றும் இல்லை, முப்பது வருடங்களாகத் திறந்திருக்கிற கதவு.

நான் வேலை பார்த்த ஒரு பித்தளைப் பாத்திரக் கடையை வைத்தே சொல்கிறேன். குடம், தவலை, அண்டா, குத்துவிளக்கு என்று மொத்த வியாபாரம். ஆக்சஸ் 97இல் யாரோ ஒரு நல்ல மனிதர் எழுதிக்கொடுத்தது. எழுதியவர் இப்போது ஊரில் இல்லை. அங்கே கணக்குப் பார்க்கும் பெரியவர் மவுஸைத் தொடவே மாட்டார். என்டர், என்டர், எஃப்5, எடை, என்டர் என்று அவர் விரல் போகிற வேகத்துக்கு எந்தப் புது மென்பொருளும் ஈடு கொடுக்காது என்பதை நானே பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். "அம்மா, கணக்கு எங்க வேணா இருக்கட்டும். இந்த மஞ்சள் ஸ்கிரீன் மட்டும் எனக்கு இப்படியே வேணும்" என்றார். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது.

அந்தக் கடையில் மூன்று கணினிகள் எம்டிபி என்ற ஒரே ஆக்சஸ் கோப்பை வைஃபை வழியாகப் பகிர்ந்துகொண்டிருந்தன. ஆக்சஸ் கோப்பின் பலவீனமே இதில்தான். சர்வர் என்று ஒருவர் நடுவில் இல்லாததால் ஒவ்வொரு கணினியும் நேராகக் கோப்புக்குள் கை விட்டு எழுதுகிறது. எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனாலோ வைஃபை ஒரு நொடி அறுந்தாலோ கோப்பு பழுதாகும். அப்புறம் ரிப்பேர் போடு, நேற்றைய பேக்கப்பைத் தேடு என்று அந்த நாளே போய்விடும். எஸ்கியூஎல் சர்வர், போஸ்ட்கிரெஸ் போன்ற டேட்டாபேஸ் சர்வர்களில் கோப்பைத் தொடுவது சர்வர் மட்டும்தான். கவுன்டர் கணினி அணைந்தாலும் பாதியில் நின்ற பில் ரத்தாகுமே தவிர கணக்கு கெடாது. ஆக்சஸ் கோப்புக்கு 2 ஜிபி வரம்பு உண்டு, 97இல் அது 1 ஜிபிதான். எஸ்கியூஎல் சர்வரின் இலவச எக்ஸ்பிரஸ் பதிப்பே, 2022ஆம் ஆண்டுப் பதிப்பு வரை, ஒரு டேட்டாபேஸுக்கு 10 ஜிபி தருகிறது. போஸ்ட்கிரெஸ் முழுவதுமே இலவசம். மற்ற கவுன்டர்களுக்கு முழு ஆக்சஸ் வாங்கவும் தேவையில்லை, ரன்டைம் என்ற இலவசப் பதிப்பு போதும்.

முதல் தடை, 97 கோப்பைத் திறப்பது. ஆக்சஸ் 2013 முதல் அந்த வடிவத்தைத் திறக்காது. 2010 வரையான ஏதாவது ஒரு பதிப்பில் திறந்து புது வடிவத்துக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். இந்த ஒரு இடைப்படி தெரியாததால்தான் "வராது" என்று பலர் சொல்லிவிடுகிறார்கள். இன்னொரு சிக்கல், எழுதிக்கொடுத்தவர் எம்டிபியாகக் கொடுக்காமல் எம்டிஇயாக மூடிக் கொடுத்திருப்பது. அதில் ஃபார்ம்களின் வடிவமைப்பையும் நிரலையும் திருத்த முடியாது, அதையே புதுப் பதிப்புக்கு மாற்றவும் முடியாது. ஆனால் டேபிள்களில் இருக்கும் கணக்கை வெளியே எடுக்க முடியும். ஆகவே எம்டிஇ என்று கேட்டதும் மனம் தளர வேண்டாம். திரைகளைத்தான் புதிதாகச் செய்ய வேண்டியிருக்கும், கணக்கு தப்பிக்கும்.

இப்போது நான் விரிவாகச் சொல்ல விரும்பும் விஷயத்துக்கு வருகிறேன். நம் ஊர்க் கணக்குகளில் தமிழ் எப்படிப் பதிவாகியிருக்கிறது என்பதுதான் அது.

அந்தக் கடையில் பெயர்கள் எல்லாம் பாமினி எழுத்துருவில் இருந்தன. திரையில் பார்த்தால் அழகான தமிழ். கோப்புக்குள் இருப்பதோ ஆங்கில எழுத்துகள். 'தமிழ்' என்ற சொல் பாமினியில் ஜே, கே, பி, ஓ, ஒரு அரைப்புள்ளி என்றுதான் கிடக்கும். எழுத்துருவை எடுத்துவிட்டால் ஒன்றும் புரியாது. இதனால் கடையில் பல வருடங்களாக நடந்துவந்த சில விநோதங்களுக்குக் காரணமும் அன்றுதான் முதலாளிக்குப் புரிந்தது. பாமினியில் 'க' என்பது சிறிய எஃப், 'கு' என்பது பெரிய எஃப். ஆக்சஸ் தேடும்போது பெரிய எழுத்து, சிறிய எழுத்து வித்தியாசம் பார்ப்பதில்லை. ஆகவே அதற்குக் குடமும் கடமும் ஒன்று, சட்டியும் சுட்டியும் ஒன்று. வாடிக்கையாளர் பட்டியலும் தமிழ் அகர வரிசையில் நிற்காது. 'அ'வின் பொத்தான் எம், 'க'வின் பொத்தான் எஃப் என்பதால் கணபதி முன்னால் வருவார், அருணாசலம் பின்னால் போவார். பெரியவர் அதையும் மனப்பாடமாக வைத்திருந்தார்.

இதை யூனிகோடுக்கு, அதாவது எல்லா மொழி எழுத்துகளுக்கும் தனித்தனி எண் தரும் உலகப் பொதுக் குறியீட்டுக்கு, மாற்றுவது வெறும் எழுத்துக்கு எழுத்து மாற்றம் இல்லை. 'சொ' என்று எழுதப் பாமினியில் முதலில் கொம்பு, பிறகு 'ச', பிறகு கால். யூனிகோடில் 'ச' முதலில், அதன் உயிர்க்குறி பிறகு. எனவே மாற்றும் நிரல் கொம்பைக் கண்டதும் அடுத்த எழுத்தைப் பார்த்து வரிசையைத் திருப்ப வேண்டும். இதைவிடக் கஷ்டம், ஒரே கட்டத்தில் தமிழும் ஆங்கிலமும் கலந்திருப்பது. முகவரிக் கட்டத்தில் சிலருக்குப் பாமினித் தமிழ், வெளிமாநில வியாபாரிகளுக்கு உண்மையான ஆங்கிலம். எது எது என்று கோப்பில் எந்த அடையாளமும் கிடையாது. மொத்தமாக மாற்றினால் ஆங்கில முகவரிகள் எல்லாம் பொருளில்லாத தமிழாகிவிடும். பட்டியலை அச்செடுத்துப் பெரியவரிடம் கொடுத்தேன். அவர் சிவப்புப் பேனாவால் ஆங்கிலப் பெயர்களைச் சுழித்துக் கொடுத்தார். எந்த மென்பொருளும் அந்த வேலையை அவ்வளவு சரியாகச் செய்திருக்காது.

சர்வரில் டேபிள் உருவாக்கும்போதும் கவனம் வேண்டும். எஸ்கியூஎல் சர்வரில் தமிழ் வரும் கட்டங்களை என்வார்கேர் என்ற வகையில் வைக்க வேண்டும். வழக்கமாக இருக்கிற லத்தீன் அமைப்போடு வெறும் வார்கேர் என்று வைத்தால் தமிழ் எழுத்துகள் அத்தனையும் கேள்விக்குறிகளாகப் பதிவாகும். அப்படிப் பதிவானதிலிருந்து எழுத்தைத் திரும்ப எடுக்கவே முடியாது. போஸ்ட்கிரெஸ், மைஎஸ்கியூஎல் பக்கம் போகிறவர்கள் ஓடிபிசி இணைப்பை நடத்தும் டிரைவர் என்ற சிறு மென்பொருளின் பட்டியலில் ஆன்சி, யூனிகோட் என்று இரண்டு இருப்பதைப் பார்ப்பார்கள். ஆன்சி என்பது யூனிகோடுக்கு முந்தைய பழைய குறியீடு. யூனிகோடைத்தான் எடுக்க வேண்டும். அவசரத்தில் பட்டியலில் மேலே நிற்கிற ஆன்சியைத் தொட்டுவிடுகிறவர்கள் நிறைய.

தட்டச்சைப் பற்றிப் பெரியவருக்கு இருந்த பயமும் தீர்ந்தது. இ-கலப்பை, என்எச்எம் ரைட்டர் போன்ற இலவசக் கருவிகளில் பாமினி விசைப்பலகை அமைப்பே இருக்கிறது. அவர் அதே விரலில் அடிக்கிறார், உள்ளே யூனிகோட் போகிறது. தமிழ்நாடு அரசு 1999இல் தமிழ்நெட் மாநாட்டை ஒட்டி டாம், டாப் குறியீடுகளைத் தரமாக அறிவித்தது. 2010இல் யூனிகோடும் டேஸ்16ம் தரம் என்று ஆணை வந்தது. ஆணை வந்து இத்தனை வருடம் ஆகியும் சிறு கடைகளிலும் ஊர் நூலகங்களிலும் சங்கங்களிலும் பழைய எழுத்துருக் கணக்குகள் அப்படியேதான் கிடக்கின்றன. அவற்றை மாற்றிக்கொடு என்று யாரும் யாரிடமும் சொல்லவில்லை.

இனி இணைப்பு வேலை. எக்ஸ்பிரஸ் பதிப்பை நிறுவியதும் வேறு கணினியிலிருந்து சர்வர் கண்ணுக்கே தெரியாது. காரணம், அதில் டிசிபி என்ற நெட்வொர்க் இணைப்பு அணைத்துத்தான் வருகிறது. கான்ஃபிகரேஷன் மேனேஜரில் போய் அதைத் திறக்க வேண்டும், ஃபயர்வாலிலும் வழிவிட வேண்டும். அடுத்தது மென்பொருள் 32 பிட்டா, 64 பிட்டா என்ற குழப்பம். ஓடிபிசி டிரைவர் விண்டோஸுக்கு ஏற்றதாக இருந்தால் போதாது, ஆஃபீஸ் எத்தனை பிட்டோ அதற்கு ஏற்றதாக இருக்க வேண்டும். விண்டோஸில் ஓடிபிசி அமைக்கும் பலகையும் இரண்டு உண்டு. சிஸ்டம்32 என்ற ஃபோல்டரில் இருப்பது 64 பிட் பலகை, சிஸ்வாவ்64 என்பதில் இருப்பது 32 பிட் பலகை. பெயரை நம்பிப் போகிறவர்கள் நாள் முழுக்கத் தேடுவார்கள். பழைய ஃபார்ம்களில் காலண்டர் போன்ற துணைப் பொருட்கள் 32 பிட்டில்தான் ஓடும் என்பதால் நான் விண்டோஸ் 11இலும் 32 பிட் ஆஃபீஸையே போடுகிறேன். அது தாராளமாக ஓடுகிறது.

விண்டோஸோடு கூடவே வருகிற பழைய எஸ்கியூஎல் டிரைவர் இருக்கிறதே என்று அதை வைத்துக்கொள்ளக் கூடாது. புது தேதி வகைகளை அது வெறும் எழுத்தாகக் காட்டும், தேதிவாரித் தேடல் கெட்டுப்போகும். 17 அல்லது 18ஆம் எண் டிரைவரை இறக்கிக்கொள்ளலாம். 18இல் இணைப்பு தானாகவே மறையாக்கம் ஆகும், அதனால் சான்றிதழ் இல்லாத உள்ளூர் சர்வரை அது ஏற்க மறுக்கும். கடைக்குள்ளேயே இருக்கும் சர்வர் என்றால் அதன் சான்றிதழை நம்பலாம் என்று அமைப்பில் ஒரு இடத்தில் சொல்லிவிட வேண்டும். தேதி என்றதும் இன்னொன்று. அந்தக் கடையில் சில பில்களில் 2003க்குப் பதில் 203 என்று வருடம் அடிபட்டிருந்தது. ஆக்சஸ் கி.பி. 100 முதல் தேதிகளை ஏற்கும் என்பதால் பேசாமல் வாங்கிக்கொண்டது. சர்வரின் பழைய தேதி வகை 1753க்கு முன்னால் எதையும் ஏற்காது. மாற்றும் முன் இப்படிப்பட்ட தேதிகளைத் தேடித் திருத்திவிட வேண்டும்.

எல்லாம் இணைத்து முதல் பில்லைத் திருத்தப் போனபோது, இந்தப் பதிவை வேறொருவர் மாற்றிவிட்டார் என்று ஆக்சஸ் எச்சரித்தது. அந்த நேரம் வேறு யாரும் கணினியில் இல்லை. எடைதான் காரணம். 12.350 கிலோ என்ற எடை ஆக்சஸில் சிங்கிள் என்ற தோராய எண் வகையில் இருந்தது. ஒரு பதிவைச் சேமிக்கும் முன் ஆக்சஸ் தான் படித்த பழைய மதிப்புகளையும் சர்வரில் இருப்பதையும் கட்டம் கட்டமாக ஒப்பிட்டுப் பார்க்கும். தோராய எண்ணில் கடைசி இலக்கம் இம்மி விலகினாலும் வேறொருவர் மாற்றியதாக எடுத்துக்கொள்ளும். டிக் போடும் கட்டங்கள் காலியாக இருந்தாலும் இதே வம்புதான். எடையை டெசிமல் வகைக்கு மாற்றி, டிக் கட்டங்களுக்குப் பூஜ்யத்தை இயல்பு மதிப்பாகக் கொடுத்து, ஒவ்வொரு டேபிளிலும், பதிவு மாறும்போதெல்லாம் தானாக மாறும் ரோவெர்ஷன் என்ற கட்டத்தைச் சேர்த்தேன். அதன் பிறகு ஆக்சஸ் அந்த ஒரு கட்டத்தை மட்டும் பார்த்து முடிவு செய்கிறது. எச்சரிக்கை நின்றுவிட்டது. ஒவ்வொரு பதிவையும் தனியாக அடையாளம் காட்டும் பிரைமரி கீ இல்லாத டேபிளை இணைத்தால் படிக்க மட்டுமே முடியும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பழைய மென்பொருள்களில் பில் விவர டேபிளுக்குப் பெரும்பாலும் அது இருக்காது.

சர்வருக்குப் போனால் எல்லாம் தானாக வேகமாகிவிடும் என்றும் நினைக்க வேண்டாம். அந்தக் கடையின் ஆண்டு ரிப்போர்ட் முன்பைவிட மெதுவானது. நிதியாண்டைக் கண்டுபிடிக்க ஆக்சஸுக்குள் எழுதிய ஒரு ஃபங்ஷனை வைத்து வடிகட்டியிருந்தார்கள். அந்த ஃபங்ஷன் என்னவென்று சர்வருக்குத் தெரியாது. அதனால் மொத்த டேபிளும் கவுன்டர் கணினிக்கு இழுக்கப்பட்டு, அங்கேதான் வடிகட்டப்பட்டது. ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை என்று நேராகத் தேதியைக் கொடுத்ததும் சர்வரே வடிகட்டித் தேவையான வரிகளை மட்டும் அனுப்பியது. பேக்கப்பையும் மறக்கக் கூடாது. எக்ஸ்பிரஸ் பதிப்பில் நேரம் குறித்து வேலை செய்யும் ஏஜென்ட் கிடையாது. விண்டோஸின் டாஸ்க் ஷெட்யூலரில் கட்டளை எழுதி வைத்தால்தான் இரவு பேக்கப் நடக்கும்.

நான் புது மென்பொருளுக்கு எதிரி இல்லை. நாலு ஊரில் கிளை வைத்திருக்கிறவர்களுக்கு இந்த வழி சரிப்படாது. இணையம் வழியாக ஆக்சஸை இணைத்தால் ஒவ்வொரு திரைக்கும் காத்திருக்க வேண்டும். செல்போனில் கணக்குப் பார்க்க வேண்டும் என்கிறவர்களும் மாறத்தான் வேண்டும். ஆனால் மாறும்போது கணக்கு கூடவே வர வேண்டும். டேபிள்கள் ஒரு முறை நல்ல சர்வரில் யூனிகோடில் உட்கார்ந்துவிட்டால் நாளைக்கு எந்த மென்பொருளையும் அதன் மேல் வைக்கலாம். எனக்குத் தெரிந்த ஒரு அரிசி மண்டிக்காரர் பழையதை விட்டுவிட்டு ஒரு நிறுவனத்தின் ஆன்லைன் மென்பொருளுக்கு மாறினார். பிறகு தன் கணக்கைத் திரும்பக் கேட்டபோது கையில் கொடுத்தது பிடிஎஃப் பக்கங்களை மட்டும். அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? கையெழுத்துப் போடும் முன்பே, விலகும்போது என் கணக்கை டேபிள்களாகத் தருவீர்களா என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். வணிகப் பக்கத்தில் வாரத்துக்கு ஒரு சின்னப் பத்தி இதற்கு ஒதுக்குங்கள். இந்த வேலை தெரிந்தவர்கள் ஒவ்வொரு ஊரிலும் இருக்கிறோம், எழுதித் தருகிறோம். பாலிடெக்னிக், கலைக் கல்லூரி ஆசிரியர்கள் கடைசி வருட மாணவர்களுக்குப் புராஜெக்டாக இதைக் கொடுக்கலாம். ஒரு உண்மையான கடையின் பாமினிக் கணக்கை யூனிகோட் சர்வருக்குக் கொண்டுவரும் பிள்ளை, டேட்டாபேஸ் பற்றிப் புத்தகத்தில் இல்லாத பாடத்தையும் சேர்த்துக் கற்றுக்கொள்ளும்.

கடைக்காரர்களுக்கு இப்போதைக்குச் சொல்ல வேண்டியது, புது மெஷின் வந்தாலும் பழையதை உடனே கொடுத்துவிடாதீர்கள். அதிலுள்ள எம்டிபி கோப்பையும், கூடவே எம்டிடபிள்யூ என்ற பாதுகாப்புக் கோப்பு இருந்தால் அதையும், பயன்படுத்திய தமிழ் எழுத்துருக் கோப்பையும் இரண்டு பென் டிரைவில் எடுத்து வையுங்கள். மென்பொருள் எழுதியவர் தொடர்பில் இருந்தால் பாஸ்வேர்டை இன்றே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். புது இடத்தில் ஒரு வருடக் கணக்கைப் பழைய ரிப்போர்ட்டோடு ஒப்பிட்டு, கூட்டுத்தொகை பைசா சுத்தமாகப் பொருந்திய பிறகு பழைய மெஷினைக் கொடுக்கலாம்.

இப்படிக்கு,
உங்கள் வாசகி,
கும்பகோணம்.